பதினாறு வாரம்

சுகிர்தனின் குளிர்பெட்டிக் கதவில்
பதினாறு வாரங்கள் கட்டம் கட்டமாக ஒட்டியிருக்கும்.
மெதுவோட்டம் பச்சை, வேகவோட்டம் சிவப்பு,
ஞாயிறுகளின் நெடுந்தூரத்துக்கு ஊதா.
கடைசி மூன்று வாரத்தில் நிறங்கள் வெளிறும்.
ஓடாமல் இருப்பதற்கும் அங்கே
பயிற்சி என்றுதான் பெயர்.

அவன் கணக்காளன்.
ஏப்ரல் முடியும்வரை ஊராரின் வரிக்குள் குனிந்து கிடந்து
மே முதலாம் தேதி சப்பாத்துக் கட்டுகிறவன்.
"உச்சம் எண்டது வருசத்தில ஒரு நாள், தவமலர்.
மிச்ச நாளெல்லாம் அதுக்கு எடுபிடி."

நான் எட்மண்டன் நகரசபையில் பனிவண்டி ஓட்டுகிறேன்.
இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி அடிக்கும்.
பனி எனக்குப் பதினாறு வாரம் தவணை தந்ததில்லை.
அதனாலோ என்னவோ
என் கால்களையும் வண்டியைப் போலவே வைத்திருக்கிறேன்,
இரவெல்லாம் எஞ்சினுக்கு மின்சூடு கொடுத்து,
எப்போது திருகினாலும் உறுமும்படி.
மைனஸ் இருபத்தாறில், இமைமயிர் ஒட்டிக்கொள்ள,
ஆற்றுப் பள்ளத்தாக்கில் பத்து கிலோமீட்டர்.
"நாளைக்கு ஓர் ஓட்டம், வாறியா?" என்று யார் கேட்டாலும்
"எத்தனை மணிக்கு?" என்பேன்.

ஆறு ஆண்டுகள்.
மாரத்தான் மூன்று மணி நாற்பத்தொன்று,
நாற்பத்திரண்டு, மறுபடி நாற்பத்தொன்று.
ஊரும் சமவெளி, என் வரைபடமும் சமவெளி.
அவனுடையது மலை.
உச்சியில் மூன்று மணி எட்டு;
அடிவாரத்தில்
மாடிப்படிக்கே மூச்சு வாங்கும் டிசம்பர்.

டோனட் கடையில் இதற்காகச் சண்டை போடுவோம்.
"ஆடிப் பட்டம் தேடி விதை எண்டு சும்மாவே சொன்னவை?"
"நாளாந்தம் பறிக்கிற கீரையும் விவசாயம்தான்."
கோப்பி ஆறிவிடும்.

அந்த ஆகஸ்ட்
அவன் வாழ்நாளிலேயே சிறந்த பதினாறு வாரம்.
கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி,
மருமகளின் பிறந்தநாளுக்கு முகமூடியோடு வந்து
கேக்கைத் தொடாமல்
வாசலிலேயே வாழ்த்திவிட்டுப் போனான்.

சனி இரவு காற்று திரும்பியது.
வடக்கே எரிந்த காடெல்லாம்
ஊருக்குள் வந்து இறங்கியது.
விடியும்போது சூரியன்
காய்ச்சல் மாத்திரைபோல் ஆரஞ்சாகத் தொங்க,
ஐந்தரை மணிக்கு அறிவித்தார்கள்:
ஓட்டம் ரத்து.

எண் குத்திய பனியனோடு
தொடக்கக் கோட்டிலேயே நின்றான்.
இன்னும் சிலர் நின்றார்கள்,
கல்யாணம் நின்றுபோன மண்டபத்தில்
பந்திக்கும் போகாமல் வீட்டுக்கும் போகாமல் நிற்கும்
உறவுக்காரர்கள் மாதிரி.
பெட்டி பெட்டியாக வாழைப்பழம்.
"அடுத்த கிழமை ரெட் டியரில ஒண்டு இருக்கு" என்றேன்.
சொன்னதும் நாக்கைக் கடித்தேன்.
பழுத்ததை மறுபடி காயாக்கி
இன்னொரு கிழமை கிளையில் தொங்கவிட முடியாது.

நான் வென்றதாக நினைக்காதீர்கள்.
அன்றிரவு எனக்கும் தூக்கம் இல்லை.
அவன் இழந்த அளவுக்கு இழக்க
என்னிடம் ஒருபோதும் ஒன்றும் இருந்ததில்லை.
எனக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை,
அவ்வளவே.

அக்டோபர் கடைசியில் முதல் பனி.
மூன்றரைக்கு அழைப்பு.
நூற்றுப் பதினோராம் தெருவில்
முன்விளக்குக்குள் ஓர் உருவம்,
கணுக்கால் புதைய, தலையில் விளக்குக் கட்டி,
வழுக்கி, நிமிர்ந்து, வழுக்கி.
பனி விழுந்தபின் அவன் ஓடி நான் பார்த்ததில்லை.
அள்ளும் பனி அவன்மேல் சரியாதபடி
தகட்டை மறுபக்கம் திருப்பிவிட்டுக்
கண்ணாடியை இறக்கினேன்.
"இது எத்தனையாவது வாரம்?"
"தெரியேல்லை" என்றான் மூச்சுக்கு நடுவே.
"நீ முன்னால போ."

மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
உப்புத் தூவியை அணைத்தேன்.
பக்கக் கண்ணாடியில் அவன் தலைவிளக்கு
ஏறி இறங்கி, ஏறி இறங்கி
நான் வழித்துவிட்ட கருப்புத் தாரில் வந்துகொண்டிருந்தது.
ரேடியோவில் மேற்பார்வையாளர் ஹலிச்சுக் கேட்டார்,
ஏன் இன்றைக்கு இத்தனை மெதுவென்று.

பனி கனம் என்றேன்.